காசுக்குக் கிடைக்கும் இடம், கணக்கில் கிடைக்கும் இடம்

தேடுபொறியின் முடிவுப் பக்கத்தில் இரண்டு வெவ்வேறு இயந்திரங்களின் வேலை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடக்கிறது. ‘சென்னை ஏசி பழுதுபார்ப்பு’ என்று ஒருவர் தேடினால், மேலே சிறிய விளம்பரக் குறியோடு வரும் சில முடிவுகள் அந்த நொடியில் நடந்து முடிந்த ஓர் ஏலத்தின் விளைவு. அவற்றுக்குக் கீழே வருபவை, முன்கூட்டியே சேகரித்து அடுக்கிய ஒரு பெரும் சொல்லடைவிலிருந்து கணக்குமுறை ஒன்று பொறுக்கி எடுத்தவை. முதல் வகையில் இடம்பிடிக்கக் காசு கொடுப்பது தேடல் விளம்பரம். இரண்டாம் வகையில் மேலே வரப் பாடுபடுவது தேடுபொறி உகப்பாக்கம். தொழிலில் இருப்பவர்களின் வாயில் அது எஸ்.இ.ஓ.

முன்னது காசு, பின்னது இலவசம் என்று பிரித்துச் சொல்வது வழக்கம். இது பாதி உண்மைதான். எஸ்.இ.ஓ.வுக்கும் எழுதுபவர் கூலி, நிரலாளர் கூலி, ஆலோசகர் கட்டணம் எல்லாம் உண்டு. சில நிறுவனங்களில் அது விளம்பரச் செலவையே தாண்டிவிடும். காசு எப்போது போகிறது, எதற்காகப் போகிறது, போகாமல் இருந்திருந்தாலும் அந்த வாடிக்கையாளர் வந்திருப்பாரா என்ற மூன்று கேள்விகளில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. செலவின் பலனைத் தீர்மானிப்பது அதுதான்.

இரண்டு இயந்திரங்களும் பிறந்தது ஏறக்குறைய ஒரே ஆண்டில். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான செர்ஜி பிரின், லாரி பேஜ் இருவரும் 1998-இல் தங்கள் கூகுள் தேடுபொறியின் உள்ளமைப்பை விளக்கி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அதன் பின்னிணைப்பில், விளம்பர வருமானத்தில் ஓடும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாய்ந்துவிடும், தேடுபவரின் தேவையைவிட்டு விலகும் என்று எழுதியிருந்தனர். அதே ஆண்டில் கலிஃபோர்னியாவின் பசடீனாவில் பில் கிராஸ் தொடங்கிய கோடூ.காம் நேர் எதிர்த் திசையில் போனது. ஒவ்வொரு தேடுசொல்லையும் ஏலம் விட்டு, அதிகம் கேட்டவரை முதலில் நிறுத்தியது. யாராவது சொடுக்கினால் மட்டுமே கட்டணம் வாங்கியது. ஒரு சென்ட்டிலிருந்து ஏலம் தொடங்கும். எந்த விளம்பரதாரர் எவ்வளவு கொடுக்கிறார் என்பதைத் தேடுபவருக்கும் காட்டியது. கேலிக்கு ஆளான இந்த யோசனைதான் கடைசியில் வென்றது. ஓவர்ச்சர் என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்த நிறுவனத்தை யாஹூ 2003-இல் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கியது. ஓவர்ச்சரின் காப்புரிமை வழக்கை 2004-இல் முடித்துக்கொள்ள, கூகுள் தன் 27 இலட்சம் பங்குகளை யாஹூவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. விளம்பரத்தை நம்பாமல் எழுதிய அந்த இரண்டு மாணவர்களின் நிறுவனத்துக்கு, இன்றைய தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் கணக்குப்படி, 2024-இல் வந்த வருமானம் சுமார் 35,000 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 19,800 கோடியைத் தேடல் விளம்பரமும் அதைச் சார்ந்தவையும் கொண்டு வந்தன.

கோடூ நடத்திய ஏலத்தில் ஒரு குறை இருந்தது. கேட்ட விலையையே கட்ட வேண்டும் என்பதால், முதலிடத்தில் இருப்பவர் தனக்கு அடுத்தவர் கேட்டதைவிட ஒரு சென்ட் மட்டும் கூடுதலாக வைத்துக்கொள்ளப் பார்ப்பார். அடுத்தவர் அவரை ஒரு சென்ட்டில் முந்துவார். இப்படி ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ஒருவர் வெறுத்து விலையைச் சட்டென்று இறக்கிவிடுவார், மற்றவரும் இறக்குவார், மறுபடி ஏற்றம். பெஞ்சமின் எடல்மன், மைக்கேல் ஆஸ்ட்ரோவ்ஸ்கி என்ற பொருளியலாளர்கள் அந்த நாள் ஏலப் பதிவுகளை வரைபடமாக்கியபோது ரம்பத்தின் பற்களைப் போன்ற கோடு கிடைத்தது.

கூகுள் 2000 அக்டோபரில் 350 விளம்பரதாரர்களோடு ஆட்வேர்ட்ஸ் சேவையைத் தொடங்கியபோது, ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்ற பழைய பத்திரிகைக் கணக்கையே வைத்திருந்தது. 2002-இல்தான் சொடுக்குக்குக் கட்டணம் என்ற ஏலத்துக்கு மாறியது. மாறும்போது இரண்டு திருத்தங்களைச் செய்தது. கேட்ட விலையை மட்டும் பார்க்காமல், விளம்பரத்தை எத்தனை பேர் சொடுக்க வாய்ப்பு உண்டு என்பதையும் பெருக்கிப் பார்த்தது. வென்றவர் தான் கேட்ட விலையைக் கட்டாமல், தன் இடத்தைத் தக்கவைக்கத் தேவையான குறைந்தபட்ச விலையை மட்டும் கட்டினால் போதும் என்றது.

ஓர் எண் கணக்கில் இது தெளிவாகும். ஏசி பழுதுபார்க்கும் மூன்று நிறுவனங்கள் ஒரே சொல்லுக்குப் போட்டியிடுவதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் ஒரு சொடுக்குக்கு 60 ரூபாய் கேட்கிறார். அவர் விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் 2 சதவீதம் பேர் சொடுக்குவார்கள். இரண்டாமவர் 40 ரூபாய், 4 சதவீதம். மூன்றாமவர் 30 ரூபாய், 3 சதவீதம். பெருக்கினால் முறையே 1.2, 1.6, 0.9. ஆக, 40 ரூபாய் கேட்டவர் முதலிடத்துக்கு வருகிறார். அவர் 1.2-ஐத் தொட்டால் போதும் என்பதால் கட்டுவது 1.2-ஐ 0.04-ஆல் வகுத்துக் கிடைக்கும் 30 ரூபாய். இரண்டாமிடத்துக்குப் போன 60 ரூபாய்க்காரர் 0.9-ஐத் தொட வேண்டும்; அவர் கட்டுவது 45 ரூபாய். மேலே நிற்பவர் கீழே நிற்பவரைவிடக் குறைவாகக் கட்டுகிறார். இது தாராள மனத்தால் வந்த ஏற்பாடு அல்ல. ஆயிரம் முறை காட்டினால் 60 ரூபாய்க்காரரிடமிருந்து அதிகபட்சம் 1,200 ரூபாய்தான் வரும். 40 ரூபாய்க்காரரிடமிருந்து 1,600 வரை வரக்கூடும். தேடுபவருக்குப் பொருத்தமான விளம்பரமும் நிறுவனத்துக்கு லாபமான விளம்பரமும் பல சமயம் ஒன்றாக அமைந்துபோனதுதான் இந்த ஏலத்தின் சாமர்த்தியம்.

பொருளியலில் வில்லியம் விக்ரி 1961-இல் விவரித்த இரண்டாம் விலை ஏலத்தின் உறவு முறை இது. ஒரு பொருளை மட்டும் விற்கும் விக்ரியின் ஏலத்தில், பொருளுக்குத் தான் வைக்கும் உண்மையான மதிப்பைக் கேட்பதே எவருக்கும் நல்லது. பல இடங்களை ஒரே நேரத்தில் விற்கும் தேடல் ஏலத்துக்கு அந்தக் குணம் இல்லை என்று எடல்மன், ஆஸ்ட்ரோவ்ஸ்கி, மைக்கேல் ஷ்வார்ஸ் மூவரும் 2007-இல் நிறுவினர். அதாவது, மனத்தில் உள்ள மதிப்பை அப்படியே கேட்பவர் ஏமாற வாய்ப்பு உண்டு. நடைமுறையில் விதிகளும் நிலையாக இருக்கவில்லை. அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் அளித்த ஏகபோகத் தீர்ப்பு, ஏல விதிகளைச் சிறிது சிறிதாகத் திருகி எழுத்து விளம்பரங்களின் விலையைக் கூகுள் உயர்த்தியதை விவரிக்கிறது. ஏலத்தை நடத்துபவரே விதியையும் எழுதும் சந்தை அது.

காசு வாங்காத பகுதியின் கதை வேறு. தேடுபொறியின் நிரல்கள் வலைப்பக்கங்களைச் சுட்டி வழியே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் படித்து வருகின்றன. படித்ததைச் சொல்லடைவாக மாற்றி வைக்கின்றன. பழைய நூல்களின் பின்னால் வரும் அடைவைப் போலவே ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் பக்கங்களின் பட்டியல். கேள்வி வந்ததும் பொருந்தும் பக்கங்களை எடுத்து வரிசைப்படுத்துகின்றன. சிக்கல் முழுவதும் இந்த வரிசையில்தான். 1995-இல் வந்த ஆல்ட்டாவிஸ்டா போன்ற தொடக்கத் தேடுபொறிகள் ஒரு சொல் பக்கத்தில் எங்கே, எத்தனை முறை வருகிறது என்பதைப் பெரிதும் நம்பின. உடனே வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு முறை எழுதி வைக்கும் வித்தை பரவியது.

பக்கத்தின் உரிமையாளர் தன்னைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டு, மற்றவர்கள் சொல்வதைக் கேட்டது பிரினும் பேஜும் வகுத்த பேஜ்ரேங்க் கணக்குமுறை. ஒரு பக்கத்துக்கு வரும் ஒவ்வொரு சுட்டியும் ஒரு வாக்கு. மதிப்புள்ள பக்கத்திலிருந்து வரும் வாக்குக்கு மதிப்பு அதிகம். கணக்குப்படி, இலக்கில்லாமல் சுட்டிகளைச் சொடுக்கிக்கொண்டே போகும் ஒருவர் 85 சதவீத வாய்ப்பில் கண்ணில் படும் சுட்டியைத் தொடர்கிறார், 15 சதவீத வாய்ப்பில் சலித்துப்போய் எங்காவது தாவுகிறார். அவர் நெடுங்காலத்தில் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்பார் என்பதே அந்தப் பக்கத்தின் மதிப்பு. இன்று இது நூற்றுக்கணக்கான அளவுகோல்களில் ஒன்று மட்டுமே.

வாக்கு என்றால் வாக்கை விலைக்கு வாங்குபவரும் வருவார். பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மன் தளம், தேடுபொறிக்கு ஒரு பக்கமும் வாசகருக்கு வேறு பக்கமும் காட்டியதற்காக 2006 பிப்ரவரியில் கூகுள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. 2011 பிப்ரவரியில் அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான ஜே.சி. பென்னியின் தளத்துக்குத் தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து சுட்டிகள் வந்திருப்பதை நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. தாங்கள் அதற்கு அனுமதி தரவில்லை என்று நிறுவனம் சொல்லி, எஸ்.இ.ஓ. ஆலோசகரை விலக்கியது. ஆனால் கூகுளின் கை விழுந்ததும், ஒரு பயணப் பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த அந்தத் தளம் இரண்டே மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போனது. அதே மாதம் தரவரிசைக் கணக்குமுறையில் வந்த பாண்டா என்ற மாற்றம் அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதத்தைத் தொட்டதாகக் கூகுளே அறிவித்தது. 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் என்ற மாற்றம் விலைக்கு வாங்கிய சுட்டிகளைக் குறிவைத்தது. எந்தக் குற்றமும் செய்யாமல் இதுபோன்ற மாற்றங்களில் அடிபட்ட தளங்களும் உண்டு.

தேடல் விளம்பரம் வாடகை வீடு, எஸ்.இ.ஓ. சொந்த வீடு என்று சந்தைப்படுத்துவோர் சொல்வது இதனால்தான் பொருந்தாது. எஸ்.இ.ஓ.வால் கிடைக்கும் இடம் புறம்போக்கில் கட்டிய வீடு. பல ஆண்டுகள் நிம்மதியாக இருக்கலாம், வாடகை கிடையாது, பட்டாவும் கிடையாது.

தமிழ்ப் பக்கங்களுக்கு இந்தத் துறையில் தனி வரலாறு உண்டு. ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன் தமிழ் இதழ்களின் தளங்கள் பலவும் ஆளுக்கொரு எழுத்துருக் குறியேற்றத்தில் இயங்கின. திரையில் தமிழாகத் தெரிந்தது தேடுபொறிக்கு வெறும் குறிக்குவியல். எத்தனை அருமையான கட்டுரையானாலும் தேடலில் அகப்படாது. ஒருங்குறிக்கு மாறியதே தமிழ் இணையத்தின் மிகப் பெரிய எஸ்.இ.ஓ. வேலை என்று சொல்லலாம். தமிழ்நாடு அரசு 2010-இல் அதை ஏற்று ஆணையிட்டது. விளம்பரம் பின்னால்தான் வந்தது. கூகுளின் விளம்பரச் சேவைகள் தமிழ் உள்ளடக்கத்தை ஏற்கத் தொடங்கியது 2018-இல்.

செலவின் வடிவத்துக்கு வருவோம். விளம்பரச் செலவு ஒவ்வொரு சொடுக்குக்கும் நடக்கிறது. நிறுத்திய நொடியில் வரவும் நின்றுவிடும். கணக்குப் போடுவது எளிது. ஒரு சொடுக்கு 30 ரூபாய், இருபது பேர் சொடுக்கினால் ஒருவர் பழுதுபார்க்க அழைக்கிறார் என்றால், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 600 ரூபாய். ஒரு வேலையில் 500 ரூபாய்தான் மிஞ்சும் என்றால், அதே ஆள் அடுத்த கோடையிலும் அழைக்காதவரை அந்த விளம்பரம் நட்டம். எஸ்.இ.ஓ.வில் செலவு முன்னால் போய்விடுகிறது. பின்னால் வரும் ஒவ்வொரு சொடுக்குக்கும் கூடுதல் செலவில்லை. ஆனால் பலன் தாமதம். பெரும்பாலும் நான்கு மாதத்திலிருந்து ஓராண்டு வரை ஆகும் என்று கூகுளின் வழிகாட்டலே சொல்கிறது. அதற்குள் தரவரிசை உயர்ந்தால் அது செய்த வேலையின் பலனா, போட்டியாளர் தளம் சறுக்கியதன் பலனா, கணக்குமுறை மாறியதன் பலனா என்று பிரித்துச் சொல்வதும் கடினம். விளம்பரம் கொடுத்தால் இலவசப் பகுதியிலும் இடம் உயரும் என்ற பேச்சைக் கூகுள் தொடர்ந்து மறுத்து வருகிறது.

தேடுபவரின் நோக்கமும் கணக்கில் வர வேண்டும். தேடல்களை ஆண்ட்ரே பிராடர் 2002-இல் மூன்றாகப் பிரித்தார்: தெரிந்த தளத்துக்குப் போக வழி கேட்பது, தகவல் கேட்பது, ஒரு காரியத்தை முடிக்கத் தேடுவது. ‘ஏசியிலிருந்து தண்ணீர் ஒழுகுவது ஏன்’ என்று கேட்பவர் பெரும்பாலும் தானே சரிசெய்யப் பார்க்கிறார். அவருடைய சொடுக்குக்கு 30 ரூபாய் கொடுப்பது வீண். அந்தக் கேள்விக்கு நல்ல விளக்கம் எழுதி வைத்திருக்கும் தளம் பின்னொரு நாள் அவருக்கு நினைவு வரலாம். ‘வேளச்சேரி ஏசி சர்வீஸ்’ என்று தேடுபவரோ இன்றைக்கே ஆள் வர வேண்டும் என்பவர். புதிதாகத் தொடங்கிய கடைக்கு இங்கே விளம்பரத்தைத் தவிர விரைவான வழி இல்லை. மூன்றாவதாக, நிறுவனத்தின் பெயரையே தட்டித் தேடுபவர் இருக்கிறார். விளம்பர அறிக்கைகளில் மிகச் சிறந்த பலன் தருவதாகத் தெரிவது இவர்தான். மிகவும் சந்தேகப்பட வேண்டிய எண்ணும் இவருடையதுதான்.

அந்தச் சந்தேகத்தை இணைய வணிக நிறுவனமான ஈபே சோதித்துப் பார்த்தது. பொருளியலாளர்கள் தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் மூவரும் அங்கே நடத்திய ஆய்வு 2015-இல் எகனோமெட்ரிக்கா ஆய்விதழில் வெளிவந்தது. 2012 மார்ச்சில் யாஹூவிலும் மைக்ரோசாஃப்ட் தேடலிலும் ‘ஈபே’ என்ற சொல்லுக்கான விளம்பரத்தை நிறுத்தினர், கூகுளில் தொடர்ந்தனர். நின்றுபோன விளம்பரச் சொடுக்குகளில் 99.5 சதவீதம் அப்படியே இலவச முடிவுக்குத் திரும்பி வந்தது. வாசலுக்கு வந்துகொண்டிருந்தவருக்கு வழிகாட்டத்தான் அதுவரை காசு போயிருக்கிறது. பிறகு பொதுவான சொற்களுக்கான கூகுள் விளம்பரத்தை அமெரிக்காவின் சில வட்டாரங்களில் மட்டும் நிறுத்திவிட்டு, மற்ற வட்டாரங்களின் விற்பனையோடு ஒப்பிட்டனர். புதியவர்களையும் எப்போதாவது வருபவர்களையும் விளம்பரம் உண்மையிலேயே இழுத்து வந்தது. ஆனால் செலவின் பெரும்பகுதி அடிக்கடி வாங்குபவர்களின் சொடுக்குகளுக்கே போனது. விளம்பரம் இல்லாவிட்டாலும் வரக்கூடியவர்கள் அவர்கள். மொத்தத்தில் முதலீட்டின் மீதான வரவு எதிர்மறை.

கூகுளின் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு வேறு முடிவைச் சொன்னது. விளம்பரத்தை நிறுத்திய நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் தரவைப் புள்ளியியல் மாதிரிகளில் இட்டுப் பார்த்ததில், விளம்பரச் சொடுக்குகளில் சராசரியாக 89 சதவீதம் இலவச முடிவால் ஈடாகவில்லை. இரண்டும் முரண்படுவதாகத் தோன்றும். முரண்பாட்டின் பெரும்பகுதியை அவிழ்க்கும் ஓர் எண்ணை அடுத்த ஆண்டு கூகுளே தந்தது: விளம்பரச் சொடுக்குகளில் 66 சதவீதம் நடப்பது, அந்த நிறுவனத்தின் இலவச முடிவு பக்கத்தில் இல்லாத தேடல்களில். ஈபே உலகறிந்த பெயர், இலவசப் பகுதியில் முன்னணியில் இருக்கும் தளம். தெருக்கோடியில் கடை திறந்தவருக்கு அந்த வசதி இல்லை. மேலும் கூகுள் எண்ணியது சொடுக்கை. ஈபே எண்ணியது விற்பனையை. விளம்பரம் விற்பவர் நடத்தும் ஆய்வைச் சற்றுத் தள்ளி நின்று படிப்பதிலும் தவறில்லை. எப்படியானாலும், அளக்கும் வழியை ஈபே காட்டிவிட்டது: சில ஊர்களில் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, மற்ற ஊர்களோடு விற்பனையை ஒப்பிடுவது. சிறு நிறுவனமும் இதைச் செய்யலாம். தரவு குறைவு என்பதால் அதற்குக் கூடுதல் வாரங்கள் தேவைப்படும்.

சொந்தப் பெயருக்கு விளம்பரம் வீண் என்ற முடிவுக்கு ஒரு விலக்கு உண்டு. அதே பெயரைப் போட்டியாளரும் ஏலத்தில் கேட்கலாம். சென்னையின் கன்சிம் இன்ஃபோ நிறுவனம், தன் பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி போன்ற பெயர்களைத் தேடும்போது போட்டித் திருமணத் தளங்களின் விளம்பரங்கள் வருகின்றன என்று கூகுள் மீதும் போட்டியாளர்கள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அந்தப் பெயர்கள் பொதுச் சொற்களால் ஆனவை என்பதைக் கருதிய நீதிமன்றம் 2010 செப்டம்பரில் இடைக்காலத் தடை தர மறுத்தது. பின்னர் 2023-இல், அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் பெயர் தொடர்பான வழக்கில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு, வணிகக் குறியை ஏலத்தில் தேடுசொல்லாக்குவது சட்டத்தின் பார்வையில் அந்தக் குறியைப் பயன்படுத்துவதே, ஆனால் வாசகர் குழம்பாதவரை அது மட்டுமே மீறல் ஆகாது என்றது. ஆகவே ஒரு நிறுவனம், தன் பெயருக்குப் போட்டியாளர் விளம்பரம் செய்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெயருக்கான தன் விளம்பரத்தை நிறுத்த முடியும்.

இரண்டு பகுதிகளுக்கும் இடையிலான எல்லையும் பக்கத்தில் நிலையாக இல்லை. காசு வாங்கிய முடிவுகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும்படி அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2002-இலும் 2013-இலும் தேடுபொறி நிறுவனங்களுக்கு எழுதியது. 2016-இல் கூகுள் கணினித் திரையின் வலப்பக்க விளம்பரங்களை எடுத்துவிட்டு, மேலே நான்கு விளம்பரங்கள் வரை அனுமதித்தது. 2024 மே மாதம் அமெரிக்காவிலும் ஆகஸ்டில் இந்தியாவிலும், செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்க விடை பக்கத்தின் தலையில் வந்து உட்கார்ந்தது. தகவல் தேடி வருபவர் அதைப் படித்துவிட்டே போய்விடலாம் என்பதால், விளக்கக் கட்டுரைகளை நம்பி எஸ்.இ.ஓ. செய்த தளங்களுக்கு முதல் அடி விழுந்தது. விளம்பரத்துக்கு இடம் குறையவில்லை. 2024 அக்டோபரில் அமெரிக்கக் கைபேசிகளில் அந்தச் சுருக்க விடைக்கு உள்ளேயே விளம்பரங்கள் வரத் தொடங்கின.